லீவுக்கு ஊர் சுற்ற வேண்டும், கடனும் கூடாது: என்ன செய்யலாம்?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 8. போன வருடப் பள்ளி விடுமுறையில் நான்கு பேரும் விமானத்தில் போய் 6 இரவு தங்கிவிட்டு வந்தோம். எங்கள் இருவருடைய ஒரு மாதச் சம்பளம் முழுதும் அதற்கே போய்விட்டது. கிரெடிட் கார்டில் போட்ட செலவு என்பதால், மாதாமாதம் சம்பளத்தில் 12 சதவீதம் கட்டி, 10 தவணையில் போன மாதம்தான் முடித்தோம். அந்தக் கடனால் இந்த வருடம் ஒரு விடுமுறை வீட்டிலேயே கழிந்தது. அடுத்த விடுமுறைக்கு இன்னும் 5 மாதம் இருக்கிறது. இந்த முறை மாமியாரையும் அழைத்துப் போக ஆசை. டிராவல்ஸ்காரர் 12 சதவீத வட்டியில் 12 மாதத் தவணை வாங்கித் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? போன முறை செலவைக் கணக்கிட்டு அனுப்பியிருக்கிறேன். மொத்தம் 100 என்றால் விமானமும் அங்கே வாங்கிய பொருள்களும் 40, தங்குமிடம் 30, சாப்பாடு 18, உள்ளூர் வண்டியும் நுழைவுச் சீட்டும் 12.
– ஒரு வாசகி

பதில்: செலவை இப்படிப் பிரித்து எழுதி வைத்திருக்கிறீர்களே, பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது. உங்கள் ஒரு மாதச் சம்பளமும் போன பயணத்தின் செலவும் ஒன்றே என்பதால், இரண்டையும் 100 என்றே வைத்துப் பேசலாம்.

தவணையை முதலில் பார்த்துவிடுவோம். 12 சதவீதம் என்று சொன்னவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 100 வாங்கினால் மாதத் தவணை எவ்வளவு? 8.88 என்றால், குறைந்துவரும் பாக்கிக்கு மட்டும் வட்டி போடுகிறார். 9.33 என்றால், வருடம் முழுதும் 100-க்கும் வட்டி போடுகிறார். இரண்டாவது கணக்கில், மாதாமாதம் அசலைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அதற்கான வட்டியைச் சேர்த்தே கட்டுகிறீர்கள். அதனால் உண்மையான வட்டி ஆண்டுக்குச் சுமார் 21.5 சதவீதம். இதில் செயல்பாட்டுக் கட்டணம் என்று முன்கூட்டியே 2 பிடித்தால் இன்னும் ஏறும். ‘வட்டியில்லாத் தவணை’ என்று சொன்னாலும், மொத்தமாகப் பணம் கட்டுபவருக்கு என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். அந்த விலை குறைவாக இருந்தால், அந்த வித்தியாசம்தான் உங்களிடம் வாங்கும் வட்டி.

வட்டியைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. 12 மாதத் தவணை முடியும்போது அடுத்த வருட விடுமுறை வந்துவிடும். கையில் ஒன்றும் இருக்காது, மறுபடியும் கடன். போன முறை 12 வீதம் 10 மாதம் கட்டியதில் 100 செலவுக்கு 120 போனது. ஆகவே வாங்க வேண்டாம்.

உங்களுக்கு வேறு வழி தாராளமாக இருக்கிறது. கார்டுக்குக் கட்டிவந்த அந்த 12-ஐ நிறுத்தாதீர்கள். அது இல்லாமல் குடும்பம் நடத்த 10 மாதம் பழகிவிட்டீர்கள். தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, சம்பளம் வரும் நாளிலேயே 12 தானாக அங்கே போய்விடும்படி வங்கியில் சொல்லி வையுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதைப் போடலாம் என்று நினைத்தால் எதுவும் மிஞ்சாது. 5 மாதத்தில் 60 சேரும்.

அந்த 60 முழுதும் ஊர் சுற்ற அல்ல. 6-ஐ எதிர்பாராச் செலவுக்கென்று ஒதுக்குங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், தவறவிட்ட வண்டி போன்றவற்றுக்கு மட்டும்தான் அதைத் தொட வேண்டும். தொடாமல் திரும்பினால் அது அடுத்த பயணத்துக்கு முதல் தொகை. இன்னொரு 4, போவதற்கு முன் வாங்கும் பை, செருப்பு, மருந்துக்கும் திரும்பி வந்த அன்று காலியான சமையலறையை நிரப்பவும். பலரும் இதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டு, பட்ஜெட்டுக்குள் போயும் ஏன் துண்டு விழுந்தது என்று குழம்புகிறார்கள். ஆக, பயணத்துக்கு 50.

இப்போது உங்கள் பழைய கணக்கை வேறு மாதிரி பாருங்கள். போய்வரவும் பொருள்களுக்கும் 40, ஓர் இரவுக்கு 10 (தங்க 5, சாப்பாடு 3, வண்டியும் சீட்டும் 2). 40-உம் 6 இரவுக்கு 60-உம் சேர்ந்து 100. கையில் 50 இருக்கும்போது அதே ஊருக்குப் போனால் ஒரே ஓர் இரவுதான் தங்க முடியும். பணம் குறைவாக இருக்கும்போது பெரும்பாலோர் முதலில் நாள்களைக் குறைக்கிறார்கள். குறைக்க வேண்டியது தூரத்தை. போய்வரும் செலவு 40-லிருந்து 20-க்குள் இறங்கினால்தான் மிச்சப் பணம் இரவுகளாக மாறும்.

மாமியாரை அழைத்துப் போவது நல்ல முடிவு. ஆனால் அதற்குத் தனிக் கணக்கு வேண்டும். நால்வர் ஐவராகும்போது செலவு கால் பங்கு கூடும் என்று தோன்றும். அப்படிக் கூடுவது சீட்டும் சாப்பாடும் மட்டும்தான். தங்குமிடம் அப்படி இல்லை. இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகளுக்கு ஓர் அறை தருகிற பல விடுதிகள், மூன்றாவது பெரியவர் வந்தால் இரண்டாவது அறை எடுக்கச் சொல்லிவிடும். ஓர் இரவுக்கு 5 என்பது 10 ஆகிவிடும். சாதாரண டாக்சியில் ஓட்டுநர் போக 4 பேர்தான். ஐந்தாவது ஆளுக்காக ஒவ்வொரு முறையும் பெரிய வண்டி, அல்லது இரண்டு வண்டி.

ஆகவே உங்களுக்கு விடுதி அறை வேண்டாம். இரண்டு படுக்கையறையும் சமையலறையும் உள்ள வீடு தேடுங்கள். கூட்டம் மொய்க்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பார்க்காமல், நடக்கும் தொலைவிலோ ஒரே பேருந்திலோ போகிற இடமாகப் பார்த்தால் விலை இறங்கும். ஓர் இரவுக்கு 5.5 என்பதை வரம்பாக வையுங்கள். வரியும் சுத்தம் செய்யும் கட்டணமும் அதற்குள் வர வேண்டும். இந்தச் சுத்தக் கட்டணத்தை எத்தனை இரவு தங்கினாலும் ஒருமுறைதான் வாங்குவார்கள். 3 என்று வைத்தால், 6 இரவு தங்குபவருக்கு இரவுக்கு 0.5, 3 இரவு தங்கும் உங்களுக்கு 1. முதலில் காட்டும் விலையை நம்பாமல், பணம் கட்டும் பக்கம் வரை போய் மொத்தத் தொகையைப் பாருங்கள். மாடிப்படி இருக்கிறதா என்பதையும் மாமியாருக்காகக் கேட்டுவிடுங்கள்.

காலை, இரவுச் சாப்பாட்டை வீட்டில் முடித்துக்கொண்டு மதியம் மட்டும் வெளியே சாப்பிட்டால், ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரு நாளுக்கு 2.5 போதும். மூன்று வேளையும் வெளியே என்றால் 3.75 ஆகும். சமையல் வேலை உங்கள் ஒருவர் தலையில் விழுந்தால் அது உங்களுக்கு லீவு இல்லை. யார் எந்த வேளை என்று கிளம்பும் முன்பே பிரித்துக்கொள்ளுங்கள்.

வண்டிக்கும் நுழைவுச் சீட்டுக்கும் 2 சேர்த்தால் ஓர் இரவுக்கு 10. மூன்று இரவுக்கு 30. போய்வர 19. மொத்தம் 49. சொந்தக் கார் இருந்தால், ஆள் கூடினாலும் எரிபொருள் அவ்வளவாகக் கூடாது என்பதால் ஐந்து பேருக்கு அதுவே லாபம். போக வர உள்ள தூரத்தோடு ஊருக்குள் ஓட்டக் கால் பங்கு கூட்டி, ஒரு லிட்டருக்கு உங்கள் வண்டி தரும் கிலோமீட்டரால் வகுத்து, வரும் லிட்டரை எரிபொருள் விலையால் பெருக்கி, சுங்கமும் நிறுத்தக் கட்டணமும் சேர்த்துப் பாருங்கள்.

தேதியிலும் மிச்சம் பிடிக்கலாம். விடுமுறை தொடங்கும் வார இறுதியிலும் முடியும் வார இறுதியிலும்தான் எல்லாக் குடும்பமும் ஒரே நேரத்தில் சாலைக்கு வருகிறது. நடுவில் ஒரு செவ்வாயோ புதனோ கிளம்புங்கள். கடைசி நேரத்தில் விலை இறங்கும் என்று காத்திருக்க வேண்டாம். தனி ஆளுக்கு அது சில சமயம் பலிக்கும். ஐந்து பேர் தங்கும் வீடுகளோ எண்ணிக்கையில் குறைவு, அவைதான் முதலில் தீரும். இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு இப்போதே ஒன்றைப் பதிவு செய்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து விலையை மறுபடி பாருங்கள். ரத்து செய்யக் கடைசி நாள் எது, எத்தனை மணி என்பதை காலண்டரில் குறித்து வையுங்கள். ‘ரத்து செய்ய முடியாது, ஆனால் 10 சதவீதம் தள்ளுபடி’ என்றால், பயணம் நின்றுபோக பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பிருந்தால் அந்தத் தள்ளுபடி நஷ்டம்தான். பிள்ளைகளும் வயதானவரும் உள்ள வீட்டில் நான் அதை எடுக்கச் சொல்ல மாட்டேன்.

அடுத்த வருடம் விமானத்தில் போவதானால் ஒன்று: மகளுக்கு அப்போது 12 முடிந்திருக்கும். 12 வயதிலிருந்து பெரியவர் கட்டணம். முன்பதிவு செய்யும் நாளை வைத்து அல்ல, பயணம் செய்யும் நாளில் உள்ள வயதை வைத்துத்தான் கணக்கு.

பிள்ளைகளிடம் தொகையை மறைக்காதீர்கள். 19-க்குள் போய்வரக்கூடிய இரண்டு ஊர்களை நீங்கள் தேர்ந்தெடுத்து, அதில் ஒன்றை அவர்கள் சொல்லட்டும். பொருள் வாங்க ஆளுக்கு ஒரு சிறு தொகையைக் கிளம்பும் அன்றே கையில் கொடுத்து, இதற்கு மேல் இல்லை என்று சொல்லிவிடுங்கள். கடைக்குக் கடை நடக்கும் பேரம் அதோடு ஓயும்.

திரும்பிய மாதம்தான் பல வீடுகளில் கையைக் கடிக்கும். பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை எல்லாம் அப்போதுதான் வரிசையாக வரும். அந்த மாதமும் 12-ஐ நிறுத்தாமல் போட்டுவாருங்கள். 12 மாதத்தில் 144 சேரும். போன முறை போன அதே ஊருக்கு 100 எடுத்துக்கொண்டால், மிச்சம் 44 இருக்கும். அடுத்த பள்ளித் திறப்புச் செலவை அதிலிருந்து எடுங்கள்.