அம்மாவின் எடையும் சிடி ஆஞ்சியோவும்

அம்மா 112 கிலோ, சிடி ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாய்களைப் பார்க்கும் சிடி ஸ்கேன்) எடுத்தால் கதிர்வீச்சு அதிகமாகுமா என்று கேட்டிருந்தீர்கள். ஆகும், மறைக்க வேண்டியதில்லை. மெலிந்தவருக்கு எக்ஸ்ரே குழாயில் 100 கிலோவோல்ட் மின்னழுத்தம் போதும்; இந்த எடைக்குப் பெரும்பாலும் 120 வைப்பார்கள், மின்னோட்டமும் கூடும். குறைத்து வைத்தால் படம் மணல் தூவியதுபோல் வரும், ரத்தக்குழாய் தெரியாது. திரும்ப எடுத்தால் அதுதான் இரட்டைச் சுமை!

எடையை இப்போது மாற்ற முடியாது, நாடித்துடிப்பை மாற்றலாம். நிமிடத்துக்கு 60 பக்கம் நின்றால், இதயம் அசையாத அந்த நொடித்துளியில் மட்டும் கதிரை விட்டுப் படம் எடுத்துவிடுவார்கள். கதிரளவு பாதிக்கும் கீழே இறங்கலாம். அதற்குத்தான் முன்னாடியே துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் மாத்திரை கொடுப்பது. ஆஸ்துமா இருந்தால் இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போகலாம், கட்டாயம் சொல்லிவிடுங்கள். அன்றைக்குக் காலை காபி வேண்டாம். (எங்கம்மா கேட்கவே இல்லை, துடிப்பு 84!) மூச்சு அடக்கும் பயிற்சியை வீட்டிலேயே பண்ணச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டில் டிஎல்பி என்று ஒரு எண் இருக்கும்; ஸ்கேன் முழுவதிலும் விட்ட கதிரின் கணக்கு அது. 0.014-ஆல் பெருக்கினால் உடம்பு வாங்கிய கதிரளவு தோராயமாக மில்லிசீவர்ட் என்ற அலகில் கிடைக்கும். 500 என்றால் 7. இயற்கையாகவே வருஷத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் நம்மேல் படுகிறது.

கதிரே வேண்டாமென்றால் ஸ்ட்ரெஸ் எக்கோ (இதயத்தை வேகமாகத் துடிக்கவைத்து அல்ட்ராசவுண்டில் பார்ப்பது) ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பருத்த உடம்பில் அதிலும் படம் சிலசமயம் மங்கும்.