மஞ்சள் காமாலை: பிலிருபின் 4 என்று வந்திருக்கிறது, எந்த மருந்து சாப்பிடலாம்?

எனக்கு வந்தபோது நானும் இதையேதான் கேட்டேன். "எதனால் வந்த காமாலை என்று தெரியட்டும், அப்புறம் மருந்தைப் பேசுவோம்" என்றார் மருத்துவர். அன்று எரிச்சலாக இருந்தது.

எனக்கு முதலில் வந்தது மஞ்சள் அல்ல, அரிப்பு. ராத்திரியானால் உள்ளங்கையும் உள்ளங்காலும் பிடுங்கித் தின்னும். ஒவ்வாமை என்று நினைத்து இரண்டு வாரம் களிம்பு தடவினேன். பிறகு சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனது, மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. கண் மஞ்சளானது அதற்கும் பிறகுதான்.

ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்ந்து சிதையும்போது மிஞ்சும் மஞ்சள் பொருள்தான் பிலிருபின். கல்லீரல் அதை நீரில் கரையும்படி மாற்றிப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்பும். மலத்துக்கு நிறம் வருவதே அதனால்தான். வழி அடைத்துக்கொண்டால் மலம் வெளுக்கும். போக இடமில்லாத பிலிருபின் ரத்தத்தில் ஏறிச் சிறுநீரில் இறங்கும். எனக்குப் பித்தநாளத்தில் கல். ஸ்கேனில் தெரிந்தது, எண்டோஸ்கோப்பி வழியாக எடுத்தார்கள். அந்தக் கல்லை எந்தக் கஷாயமும் அசைத்திருக்காது.

உங்கள் ரிப்போர்ட்டில் 4 என்பதை மட்டும் பார்க்காதீர்கள். அதில் நேரடி பிலிருபின் (கல்லீரல் மாற்றி முடித்தது) எவ்வளவு, மறைமுகம் (இன்னும் மாற்றாதது) எவ்வளவு என்று பாருங்கள். மறைமுகம்தான் அதிகம் என்றால், சிவப்பணுக்கள் அளவுமீறிச் சிதைகின்றனவா என்று தேடுவார்கள். (பட்டினி கிடந்தால் லேசாகக் கண் மஞ்சளாகும் கில்பர்ட் என்ற பரம்பரைத் தன்மையும் இதில் சேரும், அதற்குச் சிகிச்சையே வேண்டாம்.) எஸ்ஜிபிடி (கல்லீரல் செல்களில் இருக்கும் ஒரு நொதி) எகிறியிருந்தால் கல்லீரல் செல்களே அடிபட்டிருக்கின்றன; வைரஸ், மது, சில மாத்திரைகள் காரணமாக இருக்கலாம். அல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்ற இன்னொரு நொதி தூக்கலாக இருந்தால் அடைப்பைச் சந்தேகிப்பார்கள்.

வைரஸால் வரும் கல்லீரல் அழற்சிகளில் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். காமாலைக்கு யார் எதைக் கொடுத்தாலும் நல்ல பேர் வாங்கிவிடுவது இதனால்தான். என்னைப் போல் கல் அடைத்தவர் அதையே குடித்துக்கொண்டிருந்தால் நாள்தான் ஓடும். ஹெபடைடிஸ் சி-க்கோ 8 முதல் 12 வாரம் சாப்பிட்டால் குணமாக்கும் மாத்திரைகளே இருக்கின்றன.

குளிர்க்காய்ச்சலோடு வலது மேல்வயிறு வலித்தாலோ, பேச்சு தடுமாறித் தூக்கக் கலக்கமாக இருந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்புங்கள். கர்ப்பிணிகள் மஞ்சள் தெரிந்த அன்றே காட்டிவிட வேண்டும், ஹெபடைடிஸ் ஈ அவர்களுக்கு மிக ஆபத்து.

போகும்போது, இதுவரை போட்ட மாத்திரை எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள். நான் அந்தக் களிம்பையும் எடுத்துப் போயிருந்தேன். மருத்துவர் சிரித்துவிட்டு ஓரமாக வைத்தார்.