அக்டோபரிலேயே கோச்சை ஏன் அனுப்புகிறார்கள்?
அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால்: வாசகர் கேள்வி பதில்

2025 சீசனில் வரிசையாக நடந்த கோச் மாற்றங்கள் பற்றி வந்த கேள்விகளில் சில இந்த இதழில். ஃபுட்பால் என்று இங்கே சொல்வது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டத்தை.

கேள்வி: மகன் பென்சில்வேனியாவில் படிக்கிறான். சீசன் பாதிதான் ஆகியிருந்தது, அதற்குள் கோச்சை அனுப்பிவிட்டார்கள் என்றான். 12 ஆட்டமும் முடியட்டும் என்று பொறுத்திருந்தால் என்ன கெட்டுவிடும்? (வாசகி, மதுரை)

பதில்: கெட்டுவிடும். காரணம் காலண்டர். பள்ளி மாணவர்கள் எந்தக் கல்லூரிக்கு ஆடப்போகிறோம் என்று கையெழுத்திடும் முதல் தவணை, முன்பெல்லாம் டிசம்பர் 20-ஐ ஒட்டி வரும். 2024 முதல் அதை டிசம்பரின் முதல் புதன்கிழமைக்கு இழுத்துவிட்டார்கள். 2025-ல் அது டிசம்பர் 3. வழக்கமான சீசனின் கடைசி சனிக்கிழமை நவம்பர் 29. நடுவே நான்கே நாள். அந்த நான்கு நாளில் புதுக் கோச்சைப் பிடித்து, அவர் துணைப் பயிற்சியாளர்களைச் சேர்த்து, 20 மாணவர்களின் பெற்றோரிடம் பேசி முடிப்பது நடக்கிற காரியமா? அது முடிந்து மூச்சு விடுவதற்குள் ஜனவரி 2 முதல் 16 வரை டிரான்ஸ்ஃபர் போர்ட்டல். கல்லூரி மாறும் வீரர்கள் பெயர் கொடுக்கிற சந்தை அது. எனவே, மாற்றுவது என்று மனசுக்குள் முடிவாகிவிட்டால் அக்டோபரிலேயே மாற்றிவிடுகிறார்கள்.

நீங்கள் சொல்வது பென் ஸ்டேட்டாக இருக்கவேண்டும். சீசன் தொடங்குமுன் ஏ.பி. செய்தி நிறுவனத்தின் தரவரிசையில் 2-ஆம் இடம். சொந்த மைதானத்தில் ஆரிகனிடம் இரண்டாவது ஓவர்டைமில் தோல்வி. அடுத்த வாரம், அதுவரை ஓர் ஆட்டம்கூட ஜெயித்திராத யு.சி.எல்.ஏ.விடம் தோல்வி. அதற்கடுத்த வாரம் மறுபடி சொந்த மண்ணில் நார்த்வெஸ்டர்னிடம் ஒரே புள்ளியில். அக்டோபர் 12-ல் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை அனுப்பினார்கள்.

ஆனால் சீக்கிரம் அனுப்பியதன் பலன் கிடைத்ததா? நவம்பர் 17-ல் ஃபிராங்க்ளினை வர்ஜீனியா டெக் எடுத்துக்கொண்டது. அவர் பேசி வைத்திருந்த மாணவர்களில் பலர் அவர் பின்னாலேயே போனார்கள். பென் ஸ்டேட் புதுக் கோச்சாக அயோவா ஸ்டேட்டின் மேட் கேம்பெல்லை அறிவித்தபோது டிசம்பர் 5. கையெழுத்து நாளான 3-ஆம் தேதி அவர்களுக்கு விழுந்தவை இரண்டே கையெழுத்து. பந்திக்கு முந்திப் போயும் வெறும் இலையோடு எழுந்த கதை.

கேள்வி: டெக்சஸில் ஒரு கோச்சுக்கு வேலையை விட்டுப் போக 77 மில்லியன் டாலர் கொடுத்தார்களாமே? மாணவர்கள் கட்டும் ஃபீஸா அது? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: ஜிம்போ ஃபிஷர், டெக்சஸ் ஏ அண்ட் எம், நவம்பர் 2023. ரூபாயில் 600 கோடிக்கு மேல். ஒரே காசோலையாகக் கொடுக்கவில்லை: சுமார் 19 மில்லியன் 60 நாளுக்குள், பிறகு 2031 வரை ஆண்டுக்குச் சுமார் 7.2 மில்லியன். வகுப்பறைப் பணத்திலிருந்து எடுக்கவில்லை, விளையாட்டுத் துறையின் வருவாயும் நன்கொடையாளர் பணமும்தான் என்று பல்கலைக்கழகம் சொன்னது. டிக்கெட், டி.வி. ஒப்பந்தம், நன்கொடை என்று கொழுத்த பெரிய கல்லூரிகளுக்கு இந்தப் பதில் பொருந்தும். சிறிய கல்லூரிகளில் விளையாட்டுத் துறையே மாணவர் கட்டணத்தின் தயவில்தான் ஓடுகிறது. அங்கே இந்தப் பதிலைச் சொன்னால் நம்பாதீர்கள்.

தொகையை விட ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரு வரி முக்கியம். "வேறு வேலை கிடைத்தால் அந்தச் சம்பளத்தைக் கழித்துக்கொள்வோம்" என்ற வரி ஃபிஷர் ஒப்பந்தத்தில் இல்லை. அவர் அடுத்த நாளே வேறெங்கு சேர்ந்தாலும் இங்கே முழுத் தொகையும் நடக்கும். ஃபிராங்க்ளினுக்குப் பென் ஸ்டேட் தரவேண்டியிருந்தது சுமார் 49 மில்லியன். ஆனால் அவர் வேலை தேடியாகவேண்டும், கிடைக்கும் சம்பளம் கழிக்கப்படும் என்று எழுதியிருந்தது. வர்ஜீனியா டெக் அழைத்ததும் கணக்கு 9 மில்லியனில் முடிந்தது. ஒரே வரி, வித்தியாசம் 40 மில்லியன்.

அந்த வரியிலும் ஓர் ஓட்டை உண்டு. புது இடத்தில் "எனக்குச் சின்னச் சம்பளம் போதும்" என்று கோச் சொல்லிவிட்டால், மிச்சத்தைப் பழைய கல்லூரி அழுதுகொண்டிருக்கும். அதனால் விவரமான வழக்கறிஞர்கள் "சந்தை மதிப்புக்குக் குறையாத சம்பளம்" என்றும் சேர்த்து எழுதுகிறார்கள்.

கோச் தானாகப் போனால் பணம் எதிர்த்திசையில் பாயும். 2024 ஜனவரியில் கேலன் டிபோர் வாஷிங்டனை விட்டு அலபாமா போனபோது வாஷிங்டனுக்கு 12 மில்லியன் வந்தது. இத்தகைய தொகையை வழக்கமாகப் புதுக் கல்லூரியே கட்டிவிடும்.

கேள்வி: ஒரு கோச் போனால் நாலு ஊரில் கோச் மாறுகிறாரே, ஏன்? (வாசகர், ஃப்ரீமாண்ட்)

பதில்: இப்போது சொன்ன டிபோரையே பாருங்கள். 2024 ஜனவரி 10-ல் அலபாமாவின் கோச் நிக் சேபன் ஓய்வு அறிவித்தார். இரண்டே நாளில் டிபோர் அலபாமாவில். வாஷிங்டன், அரிசோனாவின் ஜெட் ஃபிஷை எடுத்தது. அரிசோனா, உங்கள் பக்கத்து ஊரான சான் ஹோசே ஸ்டேட்டின் பிரென்ட் பிரெனனை. சான் ஹோசே, கென் நியுமடலோலோவை. ஏற்கெனவே தலைமைக் கோச்சாக ஜெயித்தவரைத்தான் எல்லாரும் தேடுகிறார்கள். அவர் எங்கோ வேலையில் இருப்பவராகத்தானே இருப்பார். துணைப் பயிற்சியாளரை உயர்த்தினால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும்.

கேள்வி: ஓல் மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) கோச் லேன் கிஃபின், அணியைப் பிளேஆஃப் (தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் நாக்அவுட்) வாசல்வரை கொண்டுவந்துவிட்டு எல்.எஸ்.யு.வுக்கு (லூசியானா ஸ்டேட்) போனார். பிளேஆஃபை ஆடிவிட்டுப் போக ஓல் மிஸ் விடவில்லை. இது பழிவாங்கல் இல்லையா? (வாசகர், சென்னை)

பதில்: கோபம் இருந்திருக்கும், ஆனால் கணக்கும் சரியாகத்தான் இருந்தது. அதே டிசம்பரில் ஃபுளோரிடாவுக்குப் போகவிருந்த ஜான் சம்ரால் டுலேனுக்காகப் பிளேஆஃப் ஆட்டத்தில் நின்றார். யு.சி.எல்.ஏ. போகவிருந்த பாப் செஸ்னி ஜேம்ஸ் மேடிசனுக்காக நின்றார். யாரும் தடுக்கவில்லை. டுலேனும் ஃபுளோரிடாவும் ஒரே மாணவனுக்காக அடித்துக்கொள்வது அபூர்வம். எல்.எஸ்.யு.வும் ஓல் மிஸ்ஸும் எஸ்.இ.சி. என்ற ஒரே லீக்கில் இருக்கின்றன, ஒரே பள்ளிகளின் வாசலில் நிற்கின்றன. ஜனவரி 2-ல் போர்ட்டல் திறக்கும் நேரத்தில் எதிரணிக்குக் கையெழுத்திட்டவரை உங்கள் வீரர்களின் உடைமாற்றும் அறையில் உட்காரவைப்பீர்களா?

பொறுப்பை, கிஃபினின் கீழ் தற்காப்பு ஒருங்கிணைப்பாளராக இருந்த பீட் கோல்டிங்கிடம் கொடுத்தார்கள். அணி டுலேனை 41-10 என்று சாய்த்து, காலிறுதியான சுகர் பவுலில் ஜார்ஜியாவை 39-34 என்று வென்று, அரையிறுதியில் மயாமியிடம் 31-27 என்று தோற்றது. ஓல் மிஸ் ரசிகர்கள் ஆறிவிட்டார்கள் என்று நினைக்கவேண்டாம். 2026 செப்டம்பரில் எல்.எஸ்.யு. ஓல் மிஸ்ஸின் ஊரான ஆக்ஸ்போர்டுக்கே வந்து ஆடவேண்டும்.

கேள்வி: மகனுக்கு ஃபுட்பால் உதவித்தொகை. அவனைச் சேர்த்த கோச்சை நீக்கிவிட்டார்கள். உதவித்தொகை போய்விடுமா? உடனே போர்ட்டலில் பெயர் கொடுக்கச் சொல்கிறார்கள் நண்பர்கள். (வாசகி, ராலே)

பதில்: ஒப்பந்தம் பல்கலைக்கழகத்தோடு, கோச்சோடு அல்ல. கோச் போனதாலோ ஆட்டம் சோடை போனதாலோ, உதவித்தொகைக் காலத்துக்கு நடுவில் அதை நிறுத்த முடியாது. அந்தக் காலம் ஓராண்டா பலவாண்டா என்பதை உங்கள் தாளில் பாருங்கள். அவசரப்பட்டுப் போர்ட்டலில் பெயர் கொடுப்பதில்தான் ஆபத்து: பெயர் ஏறிவிட்டால், அந்தப் பருவம் முடிந்ததும் உதவித்தொகையை நிறுத்தக் கல்லூரிக்கு உரிமை வந்துவிடும். "மனசு மாறிட்டேன்" என்று திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

அவசரத்துக்குத் தேவையும் இல்லை. 2025 அக்டோபரில் மாற்றிய விதிப்படி, புதுத் தலைமைக் கோச் அறிவிக்கப்பட்ட ஐந்தாம் நாள் 15 நாள் ஜன்னல் ஒன்று திறக்கும். முன்பு இது 30 நாள். பழைய கோச் போனதுமே திறந்துவிடும். இப்போது புதியவர் யார் என்று தெரிந்த பிறகே முடிவு எடுக்கலாம். அந்த ஐந்து நாளில் மகன் புதுக் கோச்சைப் பார்த்து நேராகவே கேட்கட்டும்: என் இடத்துக்கு எத்தனை பேரைக் கொண்டுவருகிறீர்கள்? கல்லூரிகளே வீரர்களுக்குப் பணம் தரலாம் என்றாக்கிய ஹவுஸ் வழக்குத் தீர்வுக்குப் பிறகு அதில் சேர்ந்த கல்லூரிகளில் அணிக்கு 105 பேர்தான் உச்சம். வெளியிலிருந்து 20 பேர் வந்தால் உள்ளே 20 இடம் காலியாகவேண்டும்.

பலர் கோட்டைவிடுவது படிப்பில். முதல் டிவிஷனில் ஆட, இரண்டாம் ஆண்டு முடிவில் பட்டப்படிப்பில் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 60, நான்காம் ஆண்டில் 80 முடித்திருக்கவேண்டும். கல்லூரி மாறும்போது பழைய பாடங்களில் சில புதுப் பட்டத்துக்குச் செல்லாது. 60-ல் இருந்தவன் ஒரே கடிதத்தில் 48-க்கு இறங்கி, களத்தில் இறங்கத் தகுதியில்லாமல் உட்கார நேரும். எனவே சம்மதம் சொல்லுமுன் புதுக் கல்லூரியின் பதிவாளர் அலுவலகத்திலிருந்து, எத்தனை கிரெடிட் "இந்தப் பட்டத்துக்கு" ஏற்கப்படும் என்று எழுத்தில் வாங்குங்கள். கோச்சின் வாய்வார்த்தை இங்கே செல்லாது. மகன் எஃப்-1 விசாவில் இருந்தால் செவிஸ் (அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவேடு) பதிவையும் மாற்றவேண்டும். வீரனின் பெயரையும் படத்தையும் வைத்து வரும் விளம்பரப் பணத்தில் கைவைக்குமுன் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேட்கவேண்டும்.

கேள்வி: இந்தியானா 2023-ல் 3 வெற்றி, 9 தோல்வி. 2025-ல் 16-0, தேசிய சாம்பியன். நல்ல கோச் வந்தால் எல்லா அணியும் இப்படி மாறுமா? (வாசகர், புளூமிங்டன்)

பதில்: மாறாது. புதுக் கோச் கர்ட் சிக்னெட்டி வரும்போது தனியாக வரவில்லை. ஜேம்ஸ் மேடிசனில் தன்னோடு இருந்த 13 வீரர்களையும் துணைப் பயிற்சியாளர்கள் பலரையும் கூட்டிவந்தார். அவருடைய ஆட்டமுறையை மற்றவர்களுக்குச் சொல்லித்தர உள்ளேயே ஆள் இருந்தது. முதல் ஆண்டே 11-2. பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசா கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து மாறி வந்து, ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையே வாங்கினார். உயர்நிலைப் பள்ளியில் எத்தனை நட்சத்திரம் என்று பார்க்காமல், கல்லூரியில் உண்மையில் என்ன ஆடியிருக்கிறான் என்று பார்த்துப் பொறுக்கிய அணி அது. இதைக் காப்பியடிக்க எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். ஆனால் கூடவே கிளம்பிவரத் தயாரான 13 பேர் எல்லாக் கோச்சுக்கும் இருக்கமாட்டார்கள்.

கேள்வி: 2026-ல் ஒஹாயோ ஸ்டேட் ஆஸ்டின் வந்து டெக்சஸோடு ஆடுகிறது. அலுவலகத்தில் எல்லாரும் ஆருடம் சொல்கிறார்கள். ஒரு பெரிய ஆட்டத்துக்கு முன் எதைப் பார்த்து எடைபோடுவது? அணியில் தற்காலிகக் கோச் இருந்தால்? (வாசகர், ரவுண்ட் ராக்)

பதில்: வெற்றி தோல்விப் பட்டியலை மூடிவைத்துவிட்டு முந்தைய மூன்று ஆட்டங்களின் புள்ளி அட்டையைத் திறங்கள். முதல் பொறி ஓட்டக் கணக்கில் இருக்கிறது. கல்லூரி ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்கைப் பின்னாலேயே வீழ்த்தும் சாக்கின் இழப்பையும் ஓட்டத்தில்தான் கழிப்பார்கள்; தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் அப்படியில்லை. அட்டையில் 34 ஓட்டம், 92 யார்டு என்றிருக்கும். சராசரி 2.7, ஓடத்தெரியாத அணி என்று தோன்றும். அதில் 4 சாக், 30 யார்டு இழப்பு என்றால் உண்மை ஓட்டம் 30-க்கு 122, சராசரி 4-க்கு மேல். ஓட்டத்தில் குறையில்லை, தடுப்பு வரிசை பாஸின்போது உடைகிறது. இரண்டுக்கும் மருந்து வேறு.

அடுத்தது வெற்றி விகிதம். 10 யார்டு முன்னேற நான்கு முயற்சி தருவார்கள்; ஒவ்வொரு முயற்சிக்கும் டவுன் என்று பெயர். முதல் டவுனில் தேவையான தூரத்தில் பாதி, இரண்டாவதில் 70 சதவீதம், மூன்றாவது நான்காவதில் முழுத்தூரம் எடுத்தால் அந்த முயற்சி வெற்றி என்று குறியுங்கள். 100-க்கு 50 தேறினால் பலமான அணி. ஒரே ஒரு 75 யார்டு டச்டவுனை வைத்துக்கொண்டு மினுக்கும் அணி இதில் மாட்டிக்கொள்ளும். கீழே விழுந்த பந்து யார் கையில் சேரும் என்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம். அப்படிக் கிடைத்த பந்துகளால் ஜெயித்துவரும் அணியை நம்பாதீர்கள்.

தற்காலிகக் கோச் என்றால் ஒரே கேள்வி: ஒவ்வொரு முயற்சியிலும் என்ன ஆடுவது என்று சொல்லும் ஆட்ட அழைப்பு யார் கையில்? நீக்கப்பட்டவர் தலைமையை மட்டும் பார்த்துவந்து, தாக்குதலையும் தற்காப்பையும் நடத்தும் ஒருங்கிணைப்பாளர்கள் இருவரும் இருந்த இடத்திலேயே இருந்தால் சனிக்கிழமை பெரிய மாற்றம் தெரியாது. நீக்கப்பட்டவரே அழைப்பவராகவும் இருந்தால் தாக்குதல் சுருங்கிவிடும். மூன்றாவது டவுனில் 6 யார்டுக்கு மேல் தேவைப்படும்போது தடுமாற்றம் பளிச்சென்று தெரியும். முதல் 15 முயற்சிகள் வாரம் முழுக்க எழுதிப் பயிற்சி செய்தவை; அவற்றை வைத்து முடிவுகட்டாதீர்கள். 16-ஆவதிலிருந்து பாருங்கள்.

கோச் மாறிய அணியின் டிசம்பர் பவுல் ஆட்டத்துக்கு (சீசன் முடிந்தபின் அழைப்பின்பேரில் ஆடுவது) ஆருடமே வேண்டாம். கேம்பெல் போன கையோடு அயோவா ஸ்டேட் பவுல் அழைப்பையே மறுத்து, தன் லீக்கான பிக் 12-க்கு 5 லட்சம் டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது.

கேள்வி: முதல்முறை ஸ்டேடியம் போகிறோம். கைப்பையில் முறுக்கு கொண்டுபோகலாமா? (வாசகி, ஆன் ஆர்பர்)

பதில்: முதலில் கைப்பையே உள்ளே போகுமா என்று பாருங்கள். பல மைதானங்களில் 12×6×12 அங்குலத்துக்குள் அடங்கும், உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பைதான். சிலவற்றில் அதுவும் இல்லை. வெளித் தின்பண்டத்துக்குப் பொதுவாகத் தடை. ஆட்டம் மூன்றரை மணி நேரம் போகும், இடைவேளை 20 நிமிடம். முறுக்கைக் கார் நிறுத்துமிடத்திலேயே முடித்துவிடுங்கள். ஆட்டத்துக்கு முன் அங்கே கூடித் தின்பதுதான் அந்த ஊர் வழக்கமும்.