வெளியூரில் இருக்கும்போது வீட்டு சர்வர் ஓடுகிறதா என்று எப்படிக் கண்காணிப்பது?

எனக்கு வீடு கிருஷ்ணகிரியில், வேலை ஓசூரில். வார நாட்களில் அங்கேயே தங்கல். வீட்டில் ஒரு பழைய லேப்டாப்பில் டாக்கர் (ஆப்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் மென்பொருள்) போட்டு, போட்டோக்களுக்கு இம்மிச், சினிமாவுக்கு ஜெல்லிஃபின், விளம்பரத்தைத் தடுக்க பை-ஹோல் என்று ஓடுகிறது.

எல்லோரும் முதலில் போடுவது, சேவைகள் ஓடுகிறதா என்று பார்த்துச் சொல்லும் அப்டைம் குமா. நல்ல கருவிதான். ஆனால் அதையும் அதே லேப்டாப்பில் போட்டால், லேப்டாப் படுத்ததும் குமாவும் சேர்ந்து படுத்துவிடும். அப்புறம் டெலிகிராமில் யார் சொல்வது? அதனால் வீட்டு சர்வரே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே ‘இருக்கிறேன்’ என்று சொல்லட்டும்; சத்தம் நின்றால் உங்களுக்குச் செய்தி வரட்டும். ஹெல்த்செக்ஸ் டாட் ஐஓ இதற்கென்றே உள்ள சேவை, வீட்டுக்கு இலவசக் கணக்கே போதும். கிரானில் (குறித்த நேரத்துக்குக் கட்டளையை ஓட்டும் லினக்ஸ் வசதி) ஒரு கர்ல் வரி (இணைய முகவரியைத் தட்டும் கட்டளை), அவ்வளவுதான்.

வெளியிலிருந்து தட்டிப் பார்ப்பது பல வீடுகளில் நடக்கவும் நடக்காது. ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் வான் ஐபி (நெட் கம்பெனி ரவுட்டருக்குத் தரும் முகவரி) 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள்; அதாவது பல வீடுகள் ஒரே பொது ஐபியைப் பகிர்கின்றன, வெளியிலிருந்து உங்கள் வீட்டை நேரே எட்ட முடியாது. போர்ட் ஃபார்வர்டிங்கில் (ரவுட்டரில் வெளியாருக்கு வழி திறப்பது) மல்லுக்கட்டாதீர்கள், உள்ளே நுழைய டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் கர்ல் வரியில்தான் விஷயமே இருக்கிறது. கரன்ட் போய் வந்தபின் சில நேரம் யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் மவுண்ட் ஆகாது, அதாவது சிஸ்டத்தோடு இணையாது. ஜெல்லிஃபின் பக்கம் பளிச்சென்று திறக்கும், குமாவில் பச்சை எரியும், ஒரு படமும் ஓடாது. நான் கர்லுக்கு முன்னால் ‘மவுண்ட்பாயின்ட்’ கட்டளையை வைத்து, நடுவே இரண்டு ஆம்பர்சண்ட் (&&) போட்டிருக்கிறேன். டிஸ்க் மவுண்ட் ஆகியிருந்தால்தான் கர்ல் ஓடும்; இல்லையென்றால் மெஷின் உயிரோடு இருந்தாலும் எனக்குச் செய்தி வந்துவிடும்.

ஹெல்த்செக்ஸில் கிரேஸ் டைம் (சத்தம் நின்றபின் செய்தி அனுப்பும் முன் காத்திருக்கும் நேரம்) அரை மணி நேரமாவது வையுங்கள். கோடை மழைக்கு முன்னால் இங்கே அடிக்கிற காற்றுக்கு கரன்ட் போய்ப் போய் வரும், ஒவ்வொன்றுக்கும் போன் கத்தினால் நீங்களே அதை மியூட் செய்துவிடுவீர்கள்.

லேப்டாப்புக்கு அதன் பேட்டரியே யுபிஎஸ். ஆனால் ரவுட்டர் அணைந்தால், சர்வர் ஓடிக்கொண்டிருந்தாலும் செத்துவிட்டது என்றுதான் செய்தி வரும். எனவே ரவுட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் வாங்குங்கள், பைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் சேர்த்து. வாங்குமுன் அடாப்டரைத் திருப்பி வோல்ட், ஆம்பியர் பாருங்கள். எல்லாப் பெட்டியும் 12 வோல்ட் கிடையாது.