கடலோரக் கணக்கு: வாசகர் கேள்வி – பதில்

மார்கழி முடியப் போகிறது. ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாம் 2025-ஐத் திரும்பிப் பார்ப்பவை. நல்ல வருசமா, கெட்ட வருசமா என்று கேட்டிருக்கிறார்கள். மனசு ஒரு பெரிய மீன்பாட்டையும் ஒரு புயலையும்தான் நினைவில் வைத்திருக்கும். நடை நடையாக (ஒரு தரம் கடலுக்குப் போய் வருவது ஒரு நடை) பிரித்துப் பார்த்தால் வேறு கதை வரும்.

கே: ஃபைபர் வள்ளத்தில் நண்டு வலை போடுகிறோம். 2025-இல் விற்ற பணம் முந்தின வருசத்தைவிடக் கூடுதல். ஆனாலும் புது வலை எடுக்கக் கையில் காசில்லை. ஓட்டை எங்கே?
– வாசகர், தொண்டி

ப: விற்ற பணத்தை வரவு என்று எழுதியதில்தான் ஓட்டை தொடங்குகிறது. ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். உங்கள் தொகையை அதில் மாற்றிக்கொள்ளுங்கள். வருசத்துக்கு 190 நடை, நடைக்குச் சராசரி விற்பனை 3,400 ரூபாய் என்றால் மொத்தம் 6,46,000. டீசல், ஐஸ், சாப்பாடு என்று நடைக்கு 1,100 வீதம் 2,09,000 போனால் மிச்சம் 4,37,000. பங்கு முறை ஊருக்கு ஊர் மாறும். படகுக்கும் வலைக்கும் சேர்த்து ஒரு பாதி, ஆட்களுக்கு மறு பாதி என்று வைத்தால் 2,18,500 உங்களுடையது.

இனிமேல்தான் யாரும் எழுதாத செலவு வருகிறது. நண்டைப் பிய்த்து எடுக்கையில் வலைக்கண் அறுந்துகொண்டே இருக்கும். கயிறும் மிதப்பும் ஈயமும் தங்கும், வலைத்துணி தங்காது. 60 நடைக்கு ஒரு தரம் 30,000 ரூபாய்க்குத் துணி மாற்றினால் வருசத்துக்கு மூன்று தரம், 90,000. அதாவது நடைக்கு 500 ரூபாய் வலையாகவே தேய்கிறது. 1,20,000 ரூபாய் இன்ஜின் ஐந்து வருசம் ஓடும் என்றால் வருசத்துக்கு 24,000, பழுது பார்க்க 25,000, வள்ளத்துக்கு ஒட்டும் பெயின்டும் 15,000. எல்லாம் போகக் கையில் நிற்பது 64,500. நடைக்கு 340 ரூபாய்கூட இல்லை. வலை வாங்கிய மாதத்தில் மட்டும் செலவு எழுதி மற்ற மாதங்களை லாபம் என்று நினைத்தால், தை வந்ததும் பை காலியாகத்தான் இருக்கும்.

அடுத்தது முன்பணம். வியாபாரியிடம் ஒரு லட்சம் வாங்கிவிட்டு, வெளி விலையைவிடக் கிலோவுக்கு 20 ரூபாய் குறைத்து நண்டைப் போடுகிறீர்கள் என்று வையுங்கள். வருசத்துக்கு 1,500 கிலோ போட்டால் 30,000 ரூபாய் போய்விட்டது. முதல் அப்படியே நிற்கிறது, வட்டி மட்டும் நூற்றுக்கு 30. இந்தக் குறைவு பங்கு பிரிப்பதற்கு முன்பே போவதால் பாதி உங்கள் ஆட்கள் தலையில் விழுகிறது. கடன் வாங்கியவர் ஒருவர், வட்டி கட்டுபவர் நாலு பேர். ஆள் நிற்கவில்லை என்று புலம்புகிறவர்கள் இதை ஒரு தரம் கூட்டிப் பார்க்கலாம். முன்பணம் வாங்காத வள்ளத்துக்கு அன்றைக்குக் கிடைத்த விலையைப் பக்கத்துக் கட்டத்தில் எழுதி வாருங்கள்.

இன்னொன்று: நண்டுச் சதைக்குப் பெரிய வெளிநாட்டுச் சந்தை அமெரிக்கா. 2025 ஆகஸ்ட் 27 முதல் அங்கே இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி விழுந்தது. ஆகவே ஆகஸ்ட் வரை ஒரு சராசரி, அதற்குப் பிறகு ஒரு சராசரி என்று விலையைத் தனித்தனியே எடுங்கள். கடலில் நண்டு குறைந்ததா, கரையில் விலை குறைந்ததா என்பது அப்போதுதான் பிரிந்து தெரியும்.

கே: விசைப்படகுக்கு ஜனவரி–டிசம்பர் கணக்கா, சித்திரை–பங்குனி கணக்கா? தடைக்கால நிவாரணத்தை எதில் சேர்ப்பது?
– வாசகர், ராமேஸ்வரம்

ப: இரண்டும் வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. ஜூன் 15-இல் நோட்டைத் திறந்து ஏப்ரல் 14-இல் மூடுங்கள். தடையில் ஆகும் மராமத்துச் செலவு அடுத்த நோட்டின் முதல் பக்கம். ஜனவரியில் தொடங்கினால், ஒரு பருவத்துக்காகப் பார்த்த வேலை முந்தின பருவத்தின் தலையில் ஏறிவிடும்.

தடை போக 304 நாள். ராமேஸ்வரத்தில் வாரத்துக்கு மூன்று நாள் (திங்கள், புதன், சனி) என்ற முறைப்படி பார்த்தால், ஒரு நாள்கூடத் தவறாமல் போனாலும் 130 நடைதான். புயல் கூண்டு ஏறி, கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுக்காத நாள், வேலைநிறுத்த நாள், இன்ஜின் படுத்த நாள் ஆகியவற்றை மூன்று கட்டமாக எழுதிக் கழியுங்கள். முதல் இரண்டும் உங்கள் கையில் இல்லை. மூன்றாவதைத் தடைக்காலத்திலேயே குறைத்திருக்கலாம். நவம்பர் கடைசியில் டித்வா புயலுக்குக் கட்டிப்போட்ட நாள்களை எல்லாரும் சொல்கிறார்கள். கியர் பாக்ஸ் உதிரிக்காகக் காத்துக் கிடந்த நாள்களை யாரும் சொல்வதில்லை.

நிவாரணம் 8,000 ரூபாய் வீட்டுக் கணக்கு. படகு நோட்டில் ஏற்றாதீர்கள்.

கே: கடற்பாசி வளர்க்கும் மிதவையில் வருசத் தொடக்கத்தில் நல்ல அறுவடை. மூன்றாவது சுற்றிலிருந்து நுனி வெளுத்து உதிர்ந்தது. விதை கெட்டதா, கடல் கெட்டதா?
– வாசகி, முனைக்காடு

ப: சுற்று வாரியாக எடை இருந்தால் பதில் சுலபம். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம். ஆக 60 கிலோ விதை. 45 நாளில் 240 கிலோ வந்தால் நாலு மடங்கு, நாளொன்றுக்குச் சுமார் 3 சதவீத வளர்ச்சி. 120 கிலோதான் என்றால் அதில் பாதி. மறு விதைக்கு 60 கிலோ ஒதுக்கியது போக, முதல் மிதவையில் விற்க 180 கிலோ இருக்கிறது, இரண்டாவதில் 60 கிலோ. வளர்ச்சி பாதியானால் வரவு மூன்றில் ஒன்றாகிவிடும். பத்துக் கிலோ ஈரப் பாசி காய்ந்தால் ஒரு கிலோ என்பதால், 18 கிலோ போட்ட இடத்தில் 6 கிலோ போடுவீர்கள்.

ஒரே விதையைக் கட்டிய எல்லா மிதவையும் ஒன்றாக வெளுத்தால் விதையைச் சந்தேகப்படலாம். கரையோர மிதவை மட்டும் வெளுத்து, ஆழத்துப் பக்கம் தப்பியிருந்தால் சூடுதான் காரணம். காற்று விழுந்து தண்ணீர் அசையாமல் நிற்கும் நாள்களில் ஆழமில்லாத இடம் கொதிக்கும். தண்டு வெளுத்து, இளகி, அந்த இடத்திலேயே ஒடியும். மழைக்குப் பிறகு வெளுத்தால் உப்பு குறைந்திருக்கிறது. வைகைத் தண்ணீர் கடலில் சேரும் ஆற்றங்கரைப் பக்கம் போட்டவர்கள் இதை முதலில் பார்ப்பார்கள். நிறம் மாறாமல் நுனி மட்டும் கடித்த மாதிரி இருந்தால் அது நோயே அல்ல, பாசியை மேயும் ஓரா மீன். அடியில் பழைய வலையை இழுத்துக் கட்டினால் போதும்.

வெளுத்த மிதவையிலிருந்து ‘நல்லதாகப் பார்த்து’ விதை எடுப்பதுதான் மூன்றாவது சுற்றின் நோயை நாலாவதுக்கும் கடத்துகிறது. வேறு இடத்து மிதவையிலிருந்து கருத்த, நுனி கூரான இளந்தண்டாக வாங்கிக் கட்டுங்கள். வடகடலில் (பாக் விரிகுடாப் பக்கம்) அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வாடைக்காற்றுக்கு விட்டுவிட்டால் வருசத்துக்கு ஆறு சுற்று. மூன்று சுற்று படுத்தது பாதி வருசம் போனதற்குச் சமம்.

கே: கார்த்திகையில் கருவாட்டு மூட்டையில் சிவப்பு பூத்துப் பாதி விலைக்குப் போனது. மழை தவிர வேறு காரணம் உண்டா?
– வாசகி, ஏர்வாடி

ப: உப்பு. அந்தச் சிவப்பு, உப்பிலேயே வாழும் ஒரு நுண்ணுயிர். பாத்தி உப்போடு வருவது. போன தடவை மீன் ஊறிய உப்பை மறுபடி போட்டால் கட்டாயம் வரும். நாலு கிலோ மீனுக்கு ஒரு கிலோ புது உப்பு, ஒரு நாள் ஊறல், பிறகு மணலில் போடாமல் பரணில் வலை விரித்துக் காயவையுங்கள். தொட்டியைக் கழுவி வெயிலில் காய விடுங்கள். சிவந்த மூட்டையை மற்ற மூட்டைகளோடு அடுக்காதீர்கள். 100 கிலோ மீனுக்கு எத்தனை கிலோ கருவாடு வந்தது என்று ஒவ்வொரு தடவை காயவைக்கும்போதும் எழுதுங்கள். எடை வழக்கத்தைவிடக் கூடுதலாக நின்றால் சந்தோஷப்பட வேண்டாம். சரியாகக் காயவில்லை என்று அர்த்தம்.

கே: நோட்டே எழுதவில்லை. 2025-ஐ இப்போது திரட்ட வழி உண்டா?
– வாசகர், தங்கச்சிமடம்

ப: உண்டு. டீசல் பங்க் பில், ஐஸ் கம்பெனித் துண்டுச் சீட்டு, வியாபாரியின் நோட்டு, கைப்பேசியில் பணம் வந்த வரிசை ஆகியவற்றைத் தேதிவாரியாக அடுக்குங்கள். டீசல் போட்ட தேதிகளே பெரும்பாலும் கடலுக்குப் போன நாள்களைக் காட்டிவிடும்.

அதற்கு மேல், வீட்டில் அடகுச் சீட்டுகள் இருக்கும். நகை வைத்த தேதியும் மீட்ட தேதியும் உங்கள் வருசத்தின் ஏற்ற இறக்கத்தை எந்த நோட்டையும்விடத் துல்லியமாகச் சொல்லும். மகளிர் குழுக் கடன் புத்தகத்தையும் பக்கத்தில் வையுங்கள். தவணை பிந்திய மாதம் எது என்று பாருங்கள். இவற்றுக்கு வீட்டம்மாவைத்தான் கேட்க வேண்டும். சீட்டு எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.