டீச்சர் வீட்டுக்கு வந்தால் பெயரை நீக்கிவிடுவார்களா?

கேள்வி: திருப்பூரில் லைன் வீட்டில் குடியிருக்கிறோம். நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். அரசுப் பள்ளியில் 7ஆம் வகுப்பு படிக்கும் மகள், இரண்டு வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்ள 12 நாளாக வீட்டிலேயே இருக்கிறாள். வகுப்பாசிரியை ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். பெயரை நீக்கத்தான் வருகிறார் என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். தெரிந்த ஒருவர் 2,000 ரூபாய் கொடுத்தால் சரிசெய்வதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள் அம்மா. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டப்படி, 8ஆம் வகுப்பு முடிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. பிள்ளை ஒழுங்காக வருகிறதா, படிக்கிறதா என்று பெற்றோரைச் சந்தித்துப் பேசுவது ஆசிரியரின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. அதற்குத்தான் வருகிறார்.

அந்த 2,000 ரூபாய் ஆளைப் போன்றவர்களை முப்பது வருடமாகப் பார்க்கிறேன். பள்ளியில் இலவசமாக நடக்கும் வேலைக்குத்தான் விலை சொல்வார்கள். இப்போது இன்னொரு கூட்டமும் கிளம்பியிருக்கிறது. பிள்ளையின் பெயர், வகுப்பு எல்லாம் சரியாகச் சொல்லி, உதவித்தொகை வந்திருக்கிறது, ஓ.டி.பி. சொல்லுங்கள் என்று போனில் கேட்பார்கள். உண்மையான ஆசிரியர் ஓ.டி.பி. கேட்கவே மாட்டார். கோடை விடுமுறையில் தனியார் பள்ளிக்கு ஆள் சேர்க்க வீடு வீடாக வருபவர்களிடமும் ஆதார் நகலைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். நீங்கள் ஷிப்டில் இருக்கும்போது, மகள் தனியாக இருக்கும் வீட்டுக்குள் யாரும் வரக் கூடாது. ஆசிரியை என்றாலும், தலைமையாசிரியர் என்றாலும், கூட இன்னொருவர் வந்தாலும் அப்படித்தான். "அம்மா இருக்கும்போது வாருங்கள்" என்று வாசலிலேயே சொல்ல மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். நல்ல ஆசிரியர் இதற்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் பள்ளியில் போய்ச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டை ஒழுங்குபடுத்தவில்லையே, நாற்காலி இல்லையே என்று கூச வேண்டாம். பாயில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்த ஆசிரியரைத் தெருவே நம்பியதைப் பார்த்திருக்கிறேன். மேலதிகாரிகளுக்குத்தான் இது புரிவதில்லை. படம் எடுத்தாயா, செயலியில் ஏற்றினாயா என்று கேட்கிறார்கள். அந்தத் தாய் என்ன சொன்னாள் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால், தம்பிக்காகவும் தங்கைக்காகவும் நின்றுபோன எத்தனையோ பெண்கள் படித்திருப்பார்கள்.

அதனால் காய்ச்சல், ஊருக்குப் போனோம் என்று சொல்லாமல், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்ற உண்மையைச் சொல்லுங்கள். அங்கன்வாடியில் இரண்டு வயதுப் பிள்ளையைச் சேர்க்கலாம். எந்த மையம் பக்கம் என்று ஆசிரியையிடமே கேளுங்கள். அது மூடியபிறகு நீங்கள் ஷிப்ட் முடிந்து வரும்வரை என்ன செய்வது என்பதையும் அவரோடு பேசி வையுங்கள். மகள் மறுபடி நிற்பது அந்த இரண்டு மூன்று மணி நேரத்தால்தான். விட்டுப்போன பாடத்துக்கு என்ன வழி என்றும் கேளுங்கள். பள்ளியில் யாராவது பணம் கேட்டாலோ மிரட்டினாலோ 14417 என்ற கல்வி உதவி எண்ணுக்கு அழையுங்கள். பேசும்போது மகளும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும்.