1950-களின் ஆர்ச்சி காமிக்ஸ் தாள்கள் மஞ்சளாகி உதிர்கின்றன. லேமினேட் செய்யலாமா?

தயவுசெய்து வேண்டாம். சூட்டில் உருகும் பசை தாளோடு ஒட்டிவிடும். பிறகு பிரிக்கவே முடியாது.

1941-இல் பெப் காமிக்ஸ் 22-ஆம் இதழில் ஆர்ச்சி என்ற பாத்திரம் அறிமுகமான காலம் முதல் பல பத்தாண்டுகள் இவை மலிவான செய்தித்தாள் காகிதத்தில்தான் அச்சாயின. மரக்கூழிலுள்ள லிக்னின் என்ற பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டு மஞ்சளாகும். கூடவே அமிலமும் உண்டாகி, தாள் அப்பளம்போல் நொறுங்கும்.

முதலில் நடுப்பக்கத்தைத் திறந்து ஸ்டேபிள் பின்னைப் பாருங்கள். சுற்றிலும் காப்பிக் கறைபோல் வளையம் இருந்தால் துரு. பின்னைப் பிடுங்கினால் பக்கமும் கிழியும், விட்டுவிடுங்கள். அறையின் ஈரப்பதம் 40–50 சதவீதத்தில் இருந்தால் துரு பரவுவது மட்டுப்படும்.

ஒவ்வொரு இதழுக்கும் மைலார் (தெளிவான பாலியஸ்டர் பிளாஸ்டிக்) உறை ஒன்று, பின்னால் தாங்க அமிலமற்ற அட்டை ஒன்று. பிவிசி என்ற பிளாஸ்டிக் உறை கூடாது, அதுவே நாளடைவில் அமிலத்தை வெளிவிடும். பலர் சறுக்குவது அளவில்தான்: இன்றைய இதழின் அகலம் சுமார் 6⅝ அங்குலம், 1950-களில் 7 அங்குலத்துக்கும் மேல். இன்றைய உறைக்குள் திணித்தால் ஓரம் மடங்கி உடையும். ஸ்கேல் வைத்து அளந்தே வாங்குங்கள்.

கிழிசலுக்கு செலோடேப் வேண்டவே வேண்டாம். மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும் போதும்.